கேஸ் மீட்டரை மாற்ற வருகிறார்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

‘உங்கள் கேஸ் மீட்டரை மாற்ற வேண்டியிருக்கிறது, வசதியான நாளைச் சொல்லுங்கள்’ என்று கடிதமோ குறுஞ்செய்தியோ வந்ததும் பல வீடுகளில் கேள்விகள் வரிசை கட்டுகின்றன. காசு கேட்பார்களா? பில் ஏறுமா? வேண்டாம் என்றால் கேஸை வெட்டிவிடுவார்களா? ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரோய்டன் என்று லண்டனைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். மீட்டரைக் கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. சிக்கல் வருவதெல்லாம் பழைய மீட்டரின் கடைசி எண்ணிலும், புது மீட்டரின் அலகிலும், குழாயில் யாருடைய பொறுப்பு எங்கே முடிகிறது என்பதிலும்தான். கீழே உள்ள விளக்கங்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குப் பொருந்தும். வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.

என் வீட்டில் இருக்கும் மீட்டர் என்னுடையதுதானே?

இல்லை. மீட்டர் உங்களுக்கு கேஸ் விற்கும் நிறுவனத்துக்கோ, அதற்கு மீட்டரை வாடகைக்குத் தரும் நிறுவனத்துக்கோ சொந்தம். தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து, மீட்டருக்கு முன்னால் உள்ள அவசர வால்வு வரை வரும் குழாய் விநியோக நிறுவனத்துடையது. லண்டனில் தேம்ஸுக்கு வடக்கே அது கேடன்ட், தெற்கே எஸ்ஜிஎன். மீட்டரைத் தாண்டி பாய்லருக்கும் அடுப்புக்கும் போகும் குழாயும் அந்தக் கருவிகளும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. இந்த மூன்று எல்லைகளும் தெளிவாகத் தெரிந்தால், எந்தப் பழுதுக்கு யாரைக் கூப்பிடுவது, யார் பணம் தருவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?

ஓடுவதும் சரியாக அளப்பதும் ஒன்றல்ல. வீடுகளில் உள்ள பழைய மீட்டர்களுக்குள் கேஸ் நிரம்பி வடியும் தோல் பைபோன்ற சவ்வுகள் உண்டு. ஆண்டுகள் போகப்போக அவை இறுகியோ தளர்ந்தோ அளவு தவறலாம். அதனால்தான் வயதான மீட்டர்களைப் பழுதாகும்வரை காத்திராமல் மாற்றுகிறார்கள். வீட்டு மீட்டர் எந்தப் பக்கமும் 2 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது என்பது சட்டம்.

அளவைத் தானாகவே நிறுவனத்துக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் திட்டம் இன்னொரு காரணம். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் பல, வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் அளவை அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. செல்போன் நிறுவனங்கள் 2ஜி சேவையை 2033-க்குள் முடித்துக்கொள்ள இருப்பதால், அதன் வழியாக அளவை அனுப்பும் தொடர்புப் பெட்டிகளையும் மாற்றியாக வேண்டும்.

இதற்குக் கட்டணம் உண்டா?

வீட்டுக்கு வருபவர் கையில் ஒரு பென்னியும் கொடுக்க வேண்டியதில்லை. செலவு எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் பரவலாகக் கலந்திருக்கிறது. அதனால் வாசலில் நின்று ‘மீட்டர் கட்டணம்’ கேட்பவர் நிறுவனத்தின் ஆள் அல்ல என்று முடிவு கட்டிக்கொள்ளலாம். நீங்களாகவே ‘சமையலறையை விரிவுபடுத்துகிறோம், மீட்டரை வெளிச்சுவருக்குக் கொண்டுபோக வேண்டும்’ என்று கேட்டால் அது வேறு கணக்கு. இடம் மாற்றுவதற்குப் பணம் கேட்பார்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். அது கட்டாயம் அல்ல. ஆனால் ‘ஸ்மார்ட் வேண்டாம்’ என்பதும் ‘மாற்றவே வேண்டாம்’ என்பதும் வேறு வேறு. உள்ள மீட்டர் காலாவதியாகியிருந்தால் அல்லது பழுதாகியிருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய வகை மீட்டர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ஸ்மார்ட் மீட்டரையே பொருத்தி அதன் தொடர்பை அணைத்து வைக்கும்படி கேட்கலாம். அப்போது முன்போல நீங்களே எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். யாரைக் கேட்பது?

பில் உங்கள் பெயரில் வந்தால் முடிவு எடுக்க வேண்டியவர் நீங்கள். மீட்டரைப் பற்றி வாடகை ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டு உரிமையாளருக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். பில் உரிமையாளர் பெயரில் இருந்தால் முடிவு அவருடையது.

வருபவர் உண்மையான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், நாள் குறிக்காமல் யாரும் மீட்டர் மாற்ற வர மாட்டார்கள். வருபவரிடம் இரண்டு அட்டைகளைக் கேளுங்கள். ஒன்று நிறுவன அடையாள அட்டை. மற்றது, கேஸ் வேலை செய்பவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு அட்டை. 2009 ஏப்ரல் 1 முதல், கோர்கி என்ற பழைய பதிவு அட்டைக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது இதுதான். முன்பக்கத்தில் புகைப்படம், உரிம எண், காலாவதித் தேதி இருக்கும். பலர் கவனிக்காதது பின்பக்கம். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று அங்கேதான் பட்டியல் இருக்கும். அடுப்பு பொருத்தத் தகுதி உள்ளவருக்கு மீட்டர் வேலைக்கும் தகுதி இருக்க வேண்டும் என்பதில்லை.

சந்தேகம் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அவர் நீட்டும் எண்ணுக்கு அல்ல. உண்மையான ஊழியர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், ஆங்கிலம் அவ்வளவாக வராது. என்ன செய்யலாம்?

‘பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்’ என்று ஒரு இலவசப் பட்டியல் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கிறது. ஓய்வூதிய வயதை எட்டியவர்கள், நீண்டகால நோய் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறு குழந்தைகள் உள்ள வீட்டினர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டு. ஆங்கிலம் பேசவோ படிக்கவோ சிரமப்படுவோரும் சேரலாம் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. சேர்ந்தால் ஒரு ரகசியச் சொல்லை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். வருபவர் வாசலில் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்க வேண்டும். அது தமிழ்ச் சொல்லாகவும் இருக்கலாமே!

அன்றைக்கு வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

18 வயது நிரம்பிய ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். மீட்டரைச் சுற்றி ஆள் குனிந்து வேலை செய்ய இடம் வேண்டும். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் இருக்கும் வீடுகளில் அந்த அலமாரிதான் அரிசி மூட்டைக்கும் சப்பாத்துக்கும் பழைய பெட்டிகளுக்கும் இருப்பிடம். முதல் நாளே காலி செய்துவிடுங்கள். இல்லையென்றால் வந்தவர் திரும்பிப் போய்விடலாம். பாய்லர், அடுப்பு, கேஸ் ஹீட்டர் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும் என்பதால் அந்த அறைகளும் திறந்திருக்கட்டும்.

ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு மணி நேரம். மின் மீட்டரையும் சேர்த்து மாற்றினால் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் சுடுநீர், சூடேற்றி, அடுப்பு எதுவும் இயங்காது. கைக்குழந்தைக்குப் பால், முதியவருக்குக் கஞ்சி என்று தேவைப்படுவதை முன்பே செய்து வைப்பது நல்லது. மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வந்தவர் என்னென்ன செய்வார்?

எடுத்த எடுப்பில் மீட்டரைக் கழற்ற மாட்டார். முதலில் உங்கள் வீட்டுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். கேஸை நிறுத்தி, குழாயில் ஓர் அழுத்தமானியை மாட்டி, சில நிமிடங்கள் அழுத்தம் இறங்குகிறதா என்று கவனிப்பார். பிறகு மீட்டரின் இருபுறக் குழாய்களையும் ஒரு கம்பியால் இணைப்பார். குழாயில் எங்கிருந்தாவது மின்சாரம் கசிந்துகொண்டிருந்தால், பிரிக்கும்போது தீப்பொறி பறக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியதும் மறுபடி கசிவுச் சோதனை. அடுத்து குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவார். அடுப்பு எரியும்போது அழுத்தம் 21 மில்லிபார் அளவில், அதாவது 19-க்கும் 23-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக பாய்லரையும் அடுப்பையும் எரியவிட்டுக் காட்டுவார். அவர் போன பிறகு பாய்லர் நின்றுபோனால் முதலில் ரீசெட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குழாயில் மிச்சமிருந்த காற்று காரணமாக ஒருமுறை அணைந்திருக்கலாம்.

மீட்டர் மாற்ற வந்தவர் என் அடுப்பை நிறுத்தி எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

உரிமை மட்டுமல்ல, கடமையும் கூட. கண்ணில் பட்ட ஆபத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவர் தொழிலின் விதி. சீட்டில் இரண்டு வகை உண்டு. ‘உடனடி ஆபத்து’ என்றால் அந்தக் கருவியை அல்லது குழாயைத் துண்டித்துவிட்டுப் போவார். ‘ஆபத்துக்கு வாய்ப்பு’ என்றால் அணைத்துவிட்டு, சரி செய்யும்வரை பயன்படுத்த வேண்டாம் என்பார். துண்டிக்க நீங்கள் சம்மதிக்காவிட்டால் அவசர சேவையை அழைப்பார். அவர்களுக்கு 1996-ம் ஆண்டின் விதிகளின்படி வீட்டுக்குள் நுழைந்து இணைப்பை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறது.

இந்தச் சிக்கல் நம் வீடுகளில் அடிக்கடி வரக் காரணம் உண்டு. பின்பக்கம் சமையலறையை விரிவுபடுத்தியிருப்போம், பாய்லரின் புகைபோக்கி புதுச் சுவருக்குள் மாட்டியிருக்கும். நான்கு அடுப்பு இருந்த இடத்தில் ஆறு அடுப்பு வந்திருக்கும், குழாய் மட்டும் பழைய மெல்லிய குழாயாகவே இருக்கும். ‘தெரிந்த பையன்’ ஒருவன் மலிவாகச் செய்து கொடுத்திருப்பான். கேஸ் சேஃப் பதிவு இல்லாதவர் கூலிக்கு கேஸ் வேலை செய்வது சட்டவிரோதம். இத்தனை காலம் யாரும் பார்க்காத அந்த வேலை, மீட்டர் மாற்றும் அன்றைய சோதனையில் வெளியே வந்துவிடுகிறது.

மீட்டருக்கு அப்பால் உள்ள இந்தப் பழுதுகளை வந்தவர் சரி செய்ய மாட்டார். பதிவுபெற்ற இன்னொருவரை நீங்கள்தான் அழைக்க வேண்டும், செலவும் உங்களுடையது. வாடகை வீட்டில், உரிமையாளர் வைத்துக் கொடுத்த குழாய்க்கும் கருவிக்கும் அவரே பொறுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழ் தருவதும் அவர் கடமை.

பழைய மீட்டர் போகும் முன் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. அன்றைய நாளில் நீங்கள் செய்ய வேண்டிய முக்கியமான வேலையே இதுதான். பழைய மீட்டரின் எண்ணும் வரிசை எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய மீட்டரை அவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். பிறகு தகராறு வந்தால் உங்கள் பக்கச் சாட்சி அந்தப் படம் மட்டுமே. புது மீட்டரின் தொடக்க எண்ணையும் வரிசை எண்ணையும் அதேபோல எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டி எரிக்கும் ப்ரீபே மீட்டராக இருந்தால் மிச்சப் பணம் எவ்வளவு என்று காட்டும் திரையையும் படம் எடுங்கள். அந்தத் தொகை புது மீட்டருக்கு வர வேண்டும்.

மீட்டரின் வரிசை எண் மாறும். ஆனால் ‘எம்பிஆர்என்’ என்ற இணைப்பு எண் மாறாது. அது மீட்டருக்கு அல்ல, வீட்டின் இணைப்புக்கு உரியது. ஒரே வீட்டைப் பல ஃபிளாட்டுகளாகப் பிரித்திருக்கும் இடங்களில் இன்னொன்றையும் செய்யுங்கள். ஓர் அடுப்பை மட்டும் எரியவிட்டு, உங்கள் மீட்டரின் கடைசி இலக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கேஸுக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

மீட்டர் மாற்றிய பிறகு பில் மூன்று மடங்கு வந்திருக்கிறது. புது மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

மூன்று மடங்குக்கு அருகில் என்றால் மீட்டரைச் சந்தேகிக்கும் முன் அலகைச் சந்தேகியுங்கள். பழைய மீட்டர்கள் பல கன அடியில் அளந்தன. புதியவை கன மீட்டரில் அளக்கின்றன. கன அடி மீட்டரின் ஓர் அலகு 100 கன அடி. அது 2.83 கன மீட்டருக்குச் சமம். மீட்டரை மாற்றியவர்கள் கணினியில் ‘கன அடி’ என்ற பழைய பதிவை மாற்ற மறந்தால், நீங்கள் பயன்படுத்திய ஒவ்வொரு கன மீட்டரும் 2.83 மடங்காகப் பில்லில் ஏறும்.

கணக்கு இப்படிப் போகிறது. கன மீட்டர் எண்ணிக்கையை முதலில் 1.02264-ஆல் பெருக்குவார்கள். இது வெப்பத்துக்கும் அழுத்தத்துக்குமான திருத்தம். வந்ததை அந்தக் காலத்தில் உங்கள் பகுதிக்கு வந்த கேஸின் வெப்ப மதிப்பால் பெருக்குவார்கள். அது பெரும்பாலும் 39.5-ஐ ஒட்டி இருக்கும், பில்லிலும் அச்சிட்டிருப்பார்கள். பிறகு 3.6-ஆல் வகுத்தால் கிலோவாட் மணி வரும். ஆக ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 11.2 கிலோவாட் மணி.

100 கன மீட்டர் எரித்திருக்கிறீர்கள் என்றால் சரியான கணக்கு 1,122 கிலோவாட் மணி. அலகு தவறினால் 3,175. ஒரு கிலோவாட் மணி 6 பென்ஸ் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், தினக் கட்டணமும் வரியும் சேர்க்காமலே 67 பவுண்டு வர வேண்டிய இடத்தில் 190 பவுண்டு வரும்.

எந்த வகை மீட்டர் என்று கண்டுபிடிப்பது எளிது. முகப்பில் ‘எம்’ எழுத்தும் அதன் தலையில் சிறிய 3-ம் இருந்தால் கன மீட்டர். புள்ளிக்கு முன் ஐந்து இலக்கங்கள் இருக்கும். ‘எஃப்டி’ என்றிருந்தால் கன அடி. பெரும்பாலும் நான்கு இலக்கங்கள். பில்லில் வேறு அலகு போட்டிருந்தால் உங்கள் படத்தை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

அலகு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெரிய தொகை சேர்ந்திருக்கிறதே?

முந்தைய பில்களை எடுத்துப் பாருங்கள். ‘எஸ்டிமேட்டட்’ என்று இருந்தால் அவை உத்தேசக் கணக்கு. பல மாதங்கள் குறைவாக உத்தேசித்திருந்தால், மீட்டரைக் கழற்றும்போது எடுத்த உண்மையான எண்ணில் பாக்கி முழுவதும் ஒரே அடியாக வெளிப்படும். குற்றவாளி புது மீட்டர் அல்ல, பழைய உத்தேசம்.

இங்கே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நிறுவனத்தின் தவறால் சரியான பில் வராமல் போயிருந்தால், 12 மாதங்களுக்கு முன்பு எரித்த கேஸுக்கு அவர்கள் இப்போது பணம் கேட்க முடியாது. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2018-ல் கொண்டுவந்த விதி இது. மீட்டரைப் பார்க்க விடாமல் நீங்களே தடுத்திருந்தால் மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

ஸ்மார்ட் மீட்டரோடு தந்த திரையில் மின்சாரம் உடனே மாறுகிறது, கேஸ் மட்டும் அப்படியே நிற்கிறதே?

பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. கேஸ் குழாய்க்குப் பக்கத்தில் மின் இணைப்பு கொடுப்பதில்லை. ஸ்மார்ட் கேஸ் மீட்டர் பேட்டரியில் ஓடுகிறது. அந்தப் பேட்டரி பல ஆண்டுகள் தாங்க வேண்டும் என்பதால் பெரும்பாலான நேரம் தூங்கி, அரை மணிக்கு ஒருமுறை விழித்து அளவை அனுப்பும். அனுப்புவதும் நேராக நிறுவனத்துக்கு அல்ல. மின் மீட்டரின் மேல் உள்ள தொடர்புப் பெட்டிக்கு அனுப்பும், அங்கிருந்து தனி வலையமைப்பில் போகும். உங்கள் வைஃபையை அது தொடுவதில்லை.

இதனால்தான் மின் மீட்டர் பழையதாக இருக்கும்போது கேஸுக்கு மட்டும் ஸ்மார்ட் மீட்டர் வைத்துப் பயனில்லை. மின்சாரம் ஒரு நிறுவனம், கேஸ் இன்னொரு நிறுவனம் என்றால் முதலில் மின் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள். மீட்டரிலிருந்து வரும் ரேடியோ அலைகளால் உடல்நலத்துக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு.

பாக்கி இருந்தால் தூரத்திலிருந்தே ப்ரீபே ஆக்கிவிடுவார்களாமே?

ஸ்மார்ட் மீட்டரில் அந்த வசதி இருப்பது உண்மை. ஆனால் நினைத்தபடி செய்ய முடியாது. கட்டாயமாகப் ப்ரீபே மீட்டர் பொருத்துவது பெரும் சர்ச்சையாகி, 2023 பிப்ரவரியில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் முதல் கடுமையான விதிகள் வந்தன. குறைந்தது பத்து முறை தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும். வீட்டுக்கு நேரில் வந்து நிலைமையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டிலும், துணையில்லாத 75 வயது கடந்தவர் வீட்டிலும், தொடர்ச்சியான மின்சாரமோ கேஸோ தேவைப்படும் நோயாளி வீட்டிலும் கட்டாயமாக மாற்றவே கூடாது. தூரத்திலிருந்து மாற்றுவதற்கும் இதே விதிகள்தான்.

மீட்டர் மாற்றிய இரவு கேஸ் வாசனை வருகிறது. என்ன செய்வது?

மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வின் கைப்பிடியை, குழாய்க்குக் குறுக்காக நிற்கும்படி திருப்புங்கள். குறுக்கே நின்றால் கேஸ் நின்றுவிட்டது என்று பொருள். ஜன்னல், கதவுகளைத் திறங்கள். விளக்கு சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. வெளியே வந்து 0800 111 999 என்ற இலவச எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் வருவார்கள்.

ஊரில் சிலிண்டர் கேஸ் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். இங்கே குழாயில் வருவது மீத்தேன். காற்றைவிட இலேசானது, மேலே ஏறி மாடிவரை போகும். கீழே வாசனை இல்லை என்று நிம்மதி அடைய முடியாது.

வாசனையே இல்லாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அடுப்புச் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து வெளியே போனதும் விட்டுவிட்டாலோ தாமதிக்காமல் அதே எண்ணை அழையுங்கள். அதற்கான அலாரம் ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.

சொன்ன நாளில் வரவில்லை, பில்லையும் திருத்தவில்லை. எங்கே முறையிடுவது?

குறித்த நேரத்துக்கு வராவிட்டால் விதிப்படி இழப்பீடு உண்டு. கேட்டுப் பெறுங்கள். மற்ற புகார்களை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்புங்கள். ‘இது ஒரு முறையான புகார்’ என்று முதல் வரியிலேயே குறிப்பிடுவது நல்லது, நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். எட்டு வாரத்தில் தீராவிட்டாலோ, ‘இதற்கு மேல் எங்களால் முடியாது’ என்று அவர்கள் எழுதிவிட்டாலோ எனர்ஜி ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அதன் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வழி தெரியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் இலவசமாக ஆலோசனை சொல்லும்.

முறையீட்டுக்குப் போகும்போது கையில் வேண்டியவை நான்கு: பழைய மீட்டரின் படம், புது மீட்டரின் படம், வந்தவர் கொடுத்த வேலைச் சீட்டு, மாற்றிய பிறகு வந்த முதல் பில். அந்தப் பில்லில் பழைய மீட்டரின் முடிவு எண், புது மீட்டரின் தொடக்க எண், அலகு மூன்றும் சரியாக இருந்தால் மாற்றம் ஒழுங்காக முடிந்தது என்று பொருள். ஒன்று தவறினாலும் அந்தப் பில்லைக் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள்.